நின்றுபோன ஹெரால்டு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் அப்பாவின் 1968ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் 2004இல் நின்றது. கிளட்ச் பெடல் மிதித்தால் தரையோடு போகிறது என்று ஓரமாக விட்டார். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றது 19 ஆண்டுகளாக நீண்டுவிட்டது. இடையில் 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயல் கொட்டகையின் கூரையைக் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு தார்ப்பாய்தான். தேவனாம்பட்டினத்துக் கடற்காற்று எட்டும் தூரத்தில், தார்ப்பாய்க்கு அடியில் ஓர் இரும்பு வண்டி என்ன கதி அடைந்திருக்கும் என்று கடலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதையும் ஸ்போர்ட்ஸ் கார்களோடு சேர்த்துப் பேசினால் நண்பர்கள் கேலி செய்வதுண்டு. 948 சி.சி. என்ஜினும் நான்கு பேருக்கான இருக்கைகளும் கொண்ட குடும்ப வண்டிதான் இது, மறுக்கவில்லை. ஆனால் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கேலாட்டி வரைந்து, இங்கிலாந்தில் 1959இல் ட்ரையம்ஃப் ஹெரால்டாக வெளிவந்து, 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர் ஆலையில் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் தயாரான இந்த வண்டியின் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குறுக்கியமைத்துத்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற அசல் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இந்த உறவுமுறையை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஸ்பிட்ஃபயர் பிரியர்களுக்காக இங்கிலாந்தில் இன்றும் செய்யப்படும் உதிரி பாகங்களில் பல எங்கள் வண்டிக்கும் பொருந்துகின்றன. சென்னையில் வாகன உதிரி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தும் கிடைக்காத ரப்பர்கள், சுங்க வரியோடு தபாலில் வந்து சேர்ந்தன.

வண்டியை மீண்டும் ஓடவைக்க முனைந்தபோது என் அவசரம் முழுவதும் என்ஜின்மீதுதான் இருந்தது. புதிய பாட்டரி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, முதுநகரிலிருந்து வயதான மெக்கானிக் பாய் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் பாட்டரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “தம்பி, ஓடறது இருக்கட்டும். ஓடினா நிக்குமா? அதை முதல்ல பாருங்க” என்றார். அந்த ஒரு கேள்வியால் என்ஜின் வேலை நான்கு மாதம் தள்ளிப்போனது.

கேள்வி நியாயமானது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். பெடலை மிதித்ததும் அனைத்துக்கும் எண்ணெய் போவது ஒரே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து. சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர்களில் ஒன்று கசிந்தால் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் இல்லை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது; நீண்ட காலம் மாற்றாமல் விட்டால் அந்த நீரே சிலிண்டரின் உட்சுவரை அரித்துக் குழி விழச் செய்துவிடும். கழற்றிப் பார்த்தபோது இரண்டு சிலிண்டர்களில் பிஸ்டன் அசையவே இல்லை. ரப்பரை மட்டும் மாற்றி ஒப்பேற்றலாம் என்ற என் சிக்கனத்துக்குப் பாய் இடம் கொடுக்கவில்லை. சிலிண்டர்கள், ஹோஸ்கள், இரும்புக் குழாய்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டோம். அப்பாவை நிறுத்திய கிளட்ச் கோளாறும் கடைசியில் ஒரு சிறு ரப்பர் கிழிந்ததால் வந்ததுதான் என்று அப்போது தெரிந்தது. அதற்காகவா 19 ஆண்டுகள் என்று இன்றும் மனம் ஆறவில்லை.

ஹெரால்டின் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முழுதாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். முன் டயரின்மேல் உட்கார்ந்தபடியே வேலை செய்யலாம். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான் நான் பெரிய தவறு ஒன்றைச் செய்யவிருந்தேன். முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடி முனை, மரையிட்ட வெண்கலக் கட்டை ஒன்றுக்குள் இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரைக்குள்தான் சுழலும். ட்ரன்னியன் என்று இதைச் சொல்வார்கள். இதற்குக் கிரீஸ் போடக் கூடாது; 90ஆம் எண் கியர் ஆயில்தான் செலுத்த வேண்டும். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காமல் மேலேயே இறுகிவிடும். கீழே நீர் தங்கித் தண்டு துருவேறி, ஒரு நாள் திருப்பத்தில் முறிந்து சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கும். நானோ கிரீஸ் கன்னைக் கையில் எடுத்துவிட்டேன். ஏற்கெனவே யாரோ அடைத்து வைத்திருந்த பழைய கிரீஸ், அந்தத் துளையில் மெழுகுபோல் இறுகிக் கிடந்தது. கழற்றியபோது இடப்பக்கத் தண்டின் மரையில் ஆழமான துரு. அப்பா எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போய்வந்த நாட்களை எண்ணிப் பார்த்தேன். உடல் கொஞ்சம் நடுங்கியது.

என்ஜினைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, என்ஜின் சிலிண்டர்களில் எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டபின், கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் மாட்டித் திருப்பினோம், முனகிக்கொண்டே சுழன்றது. பெட்ரோல் டாங்கைக் கழற்றி, உள்ளே சங்கிலித் துண்டுகளைப் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்தோம். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தக் கால ரப்பரை உப்பச் செய்யும் என்பதால், ஹோஸ்களையும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் என்ற சவ்வையும் மாற்றினோம். முதலில் பிளக் இல்லாமலேயே செல்ஃபில் சுற்றவிட்டு, எண்ணெய் அழுத்தத்துக்கான விளக்கு அணைந்தபின்தான் பிளக்குகளை மாட்டினோம்.

ஆனாலும் ஓடவில்லை. இரண்டு சிலிண்டர் வெடிப்பதும் கார்புரேட்டர் வழியாகத் தும்முவதுமாக ஒரு மாலை முழுவதும் போயிற்று. தவறு என்னுடையதுதான். சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-3-4-2 என்பது எனக்குத் தெரியும். அதன்படியே, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் ஒயர்களைக் கடிகாரச் சுற்றில் மாட்டியிருந்தேன். இந்த என்ஜினில் அந்த மூடிக்குள் இருக்கும் ரோட்டர் சுழல்வதோ எதிர்ச்சுற்றில். 1, 4 இரண்டும் எதிரெதிரே இருப்பதால் சரியாக வெடித்தன. 2, 3 மட்டும் இடம் மாறிக் கிடந்தன. பாய் ஒன்றும் சொல்லாமல் இரண்டு ஒயர்களை மாற்றிப் போட்டார். அடுத்த சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. வெண்புகை கொல்லையை நிறைத்தது. துவைத்துக் காயப்போட்ட துணிகளுக்காக அம்மாவிடம் இருவரும் திட்டு வாங்கினோம்.

இனி ஆவணங்கள்தான் பாக்கி. பதிவு எப்போதோ காலாவதியாகிவிட்டது. 50 ஆண்டுகளைத் தாண்டிய வாகனங்களைப் பழம்பெரும் வாகனமாகப் பதிய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஆனால் அப்படிப் பதிந்தால் அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது. அதனால் வழக்கமான புதுப்பித்தலுக்கே முயல்வதென்று இருக்கிறேன். அதுவரை கொல்லையிலிருந்து வாசல் கேட் வரை முன்னும் பின்னுமாக ஓட்டிக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் கேட்டுக்கு ஓரடி முன்பாகவே நிற்கிறது.