ராஜாவை ராஊஆ ஆக்கிய ஜப்பான் கீபோர்டு

ஸ்பேஸ்பாருக்கு இடப்பக்கம் உள்ள குட்டிக் கீயைத் தட்டினால் தமிழ், வலப்பக்கக் கீயைத் தட்டினால் ஆங்கிலம். எந்த மொழியில் நிற்கிறோம் என்று திரை மூலையை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. நாள் முழுக்க விழாப் பத்திரிகையும் மனுவும் அடித்துப் பிழைக்கிறவனுக்கு இது பெரிய நிம்மதி. அந்த நிம்மதிக்காகப் பட்ட பாட்டை எழுதி வைக்காவிட்டால் எனக்கு ஆறாது. இதே மாதிரிக் கீபோர்டை இன்னொருத்தர் வாங்கிவந்து திண்டாடாமல் இருக்கவும் உதவும்.

கீபோர்டு ஜப்பான் நாட்டுக்கானது. மதுரை திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய ஸ்பேனருக்கும் சார்ஜருக்கும் நடுவே கிடந்தது. "எழுத்து ஏதோ சீனாக்காரன் எழுத்து மாதிரி இருக்குண்ணே, ஆனா ஓடும், ஐந்நூறு குடுங்க" என்றார் கடைக்காரர். முந்நூறுக்குப் படிந்தது. நான் ஆசைப்பட்டது ஸ்பேஸ்பாரைப் பார்த்துத்தான். நம்மூர்க் கீபோர்டில் இருப்பதைவிட ரொம்பக் குட்டை. மிச்ச இடத்தில் இடது பக்கம் ஒரு கீ, வலது பக்கம் இரண்டு. அடித்ததைச் சித்திர எழுத்தாக மாற்ற, மாற்றாமல் விட, கானா என்ற அசை எழுத்துக்குத் தாவ என்று ஜப்பான்காரர்கள் வைத்துக்கொண்டவை. இடப்பக்கம் இருப்பது முஹென்கன், வலப்பக்கம் ஹென்கன், அதற்கடுத்து கத்தகானா-ஹிராகானா. மூன்றும் கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில். மொழி மாற்ற இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

ஆனால் ஜப்பான்காரர்கள் கூடுதலாக வைத்தது அந்த மூன்றை மட்டுமல்ல. பேக்ஸ்பேஸுக்கு முன்னால் யென் குறிக்கு ஒரு கீ, வலது ஷிப்டுக்கு முன்னால் 'ரோ' என்று ஒரு கீ. அதனால் பேக்ஸ்பேஸும் வலது ஷிப்டும் சுருங்கி ஓரத்துக்குப் போய்விட்டன. வினை அங்கேதான் இருந்தது.

என் கடை மெஷினில் ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்போடு. தமிழ் அடிக்க ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள், அதில் எம்17என் என்ற பலமொழித் தொகுப்போடு வரும் தமிழ்99 விசை அமைப்பு. சொருகியதும் கீபோர்டு ஓடியது. இதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஜப்பான் கீபோர்டுதானே என்று லேஅவுட் (எந்தக் கீக்கு எந்த எழுத்து என்ற அமைப்பு) பட்டியலில் ஜப்பானீஸைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். கீ மேல் அச்சடித்திருப்பதும் திரையில் வருவதும் ஒத்துப்போகும், உண்மைதான். ஆனால் பி எழுத்துக்குப் பக்கத்துக் கீ அந்த லேஅவுட்டில் சதுர அடைப்புக்குறியைத் தராமல் அட் குறியைத் தரும். தமிழ்99-இல் ச உட்கார்ந்திருப்பது அந்த அடைப்புக்குறியில். ஆக ச ஒரு கீ தள்ளிப் போய்விடும். ய இருக்கிற ஒற்றை மேற்கோள் கீயில் முக்காற்புள்ளி வரும். விரல் பழக்கத்தில் அடிக்கிறவர் அதோடு காலி. லேஅவுட் யுஎஸ் ஆகவே இருக்கட்டும். அச்சைப் பார்த்து அடிக்கிற தம்பி ஒருவன் கடைக்கு வருவான். அவனுக்காக இரண்டு கீ மேல் அட் குறியும் இரட்டை மேற்கோளும் எழுதி ஸ்டிக்கர் ஒட்டியதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

அதே பட்டியலில் தமிழ்நெட் 99 என்றும் ஒரு லேஅவுட் இருக்கும். அதுவும் வேண்டாம். அது கீயை எழுத்தாக்கும் எக்ஸ்கேபி என்ற பகுதியின் வேலை. எக்ஸ்கேபிக்குத் தெரிந்தது இந்தக் கீக்கு இந்த எழுத்து என்பது மட்டும்தான், முன்னால் என்ன எழுத்து அடித்தோம் என்று அது பார்க்காது. இரண்டு க அடித்தால் முதல் க மேல் தானாகப் புள்ளி விழ வேண்டுமே, அதெல்லாம் ஐபஸ் மாதிரி ஒன்று நடுவில் இருந்தால்தான் நடக்கும்.

இனி ரோ கீக்கு வருகிறேன். தமிழ்99-இல் ஸ, ஷ, ஜ, ஹ நான்கும் மேல் வரிசையின் இடது பக்கம், ஷிப்டோடு. இடது கை எழுத்தை அடிக்கும், வலது சுண்டுவிரல் ஷிப்டைப் பிடிக்கும். இந்தக் கீபோர்டில் சுண்டுவிரல் பழக்கதோஷத்தில் போய் விழுந்த இடம் ரோ. அது ஷிப்ட் இல்லையே! ஒரு காதணி விழாப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் ராஜா. திரையில் வந்தது ராஊஆ. ஜ இருக்கும் கீயில் ஷிப்ட் இல்லாமல் அடித்தால் ஊ, அதற்குப் பின் வரும் ஆ ஒட்டிக்கொள்ள மெய் கிடைக்காமல் தனியாக நிற்கும். நம்ம ஊர்ப் பத்திரிகையில் ஸ்ரீயும் ஜெயமும் ராஜேஸ்வரியும் இல்லாத பக்கம் உண்டா? தாய்மாமன் பெயரில் கைவைத்தால் விழா வீட்டில் என்ன நடக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நல்லவேளை, புரூஃபிலேயே கண்ணில் பட்டது.

கீபோர்டைத் தூக்கிக்கொண்டு பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். "லினக்ஸாண்ணே? அதுல அப்பிடித்தேன் இருக்கும். விண்டோஸ் போட்டுருவோம்" என்று தொடங்கினார். வேண்டாம் தம்பி, கீபோர்டை மட்டும் பாருங்கள் என்றேன். அவர் மெஷினில் சொருகி நோட்பேடில் ரோவைத் தட்டினார், ஒன்றும் வரவில்லை. யென்னைத் தட்டினார், அதுவும் வரவில்லை. "ரெண்டு கீ செத்துப்போச்சுண்ணே, புதுசு வாங்கிக்கங்க." பார்த்த கூலி இருநூறு. மத்தியான வெயிலில் திரும்பி வந்தேன். யுஎஸ் லேஅவுட்டில் அந்த இரண்டு கீக்கும் எழுத்து ஒதுக்கப்படவில்லை, அவ்வளவுதான். வேலை இல்லாமல் சும்மா இருப்பவனைச் செத்தவன் என்று எழுதிவிட்டார்.

கீ செத்ததா உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஈவிடெஸ்ட் என்ற சின்ன நிரல் போதும். கட்டளை அடிக்கிற டெர்மினலில் சூடோ போட்டு, அதாவது நிர்வாகி உரிமையோடு, ஓட்டினால் கருவிப் பட்டியல் வரும். ஒரே கீபோர்டு அதில் இரண்டு மூன்று பெயராக வரலாம், ஒலி கூட்டும் கீ, குறைக்கும் கீ எல்லாம் தனி வரியில் நிற்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுத்துக் கீயைத் தட்டிப் பாருங்கள், அசைவு இல்லையென்றால் அடுத்ததுக்குப் போங்கள். சரியான வரியில் ரோவைத் தட்டியதும் டெர்மினலில் கீ ரோ என்று பளிச்சென்று வந்தது, பக்கத்தில் 70087 என்று ஒரு எண். யென்னுக்கு 70089. இந்த எண்களைக் குறித்து வையுங்கள், பின்னால் வேண்டும்.

முதலில் எல்லோரும் செய்கிற மாதிரி, கீயின் வேலையை மாற்றும் எக்ஸ்மாட்மேப் கட்டளையைப் போட்டேன். திரையைக் கவனிக்கும் எக்ஸ் என்ற பகுதியின் கணக்கில் ரோவின் எண் 97. அதை வலது ஷிப்ட் ஆக்கு என்று இரண்டு வரி, லாகின் ஆனதும் ஓடுகிற மாதிரி ஒரு ஸ்கிரிப்டில். அருமையாக வேலை செய்தது, தமிழுக்கு மாறுகிற வரைக்கும். மாறியதும் ரோ மறுபடி ஊமை. காரணம் ஐபஸ்தான். மொழி மாறும்போது அது தன் பங்குக்கு லேஅவுட்டை மறுபடி ஏற்றும், நாம் மேலே ஒட்டியதெல்லாம் உதிர்ந்துவிடும். ஐபஸ் அமைப்பில், மேம்பட்ட பகுதியில், கணினியின் லேஅவுட்டையே பயன்படுத்து என்று ஒரு பெட்டி உண்டு. அதை டிக் செய்தால் அந்தத் தொல்லை நிற்கும். ஆனால் யுஎஸ்பியைக் கழற்றிச் சொருகினால் எக்ஸ்மாட்மேப் போட்டது அப்போதும் போய்விடும். என் மேஜைக்கு அடியில் காலை நீட்டினாலே வயர் ஆடும்.

அப்புறம்தான் லினக்ஸின் அடிக்கருவான கெர்னல் மட்டத்திலேயே மாற்றுகிற வழிக்குப் போனேன். சொருகும் கருவிகளைக் கவனிக்கிற யுடெவிடம் ஹெச்டபிள்யூடிபி என்று ஒரு கருவி அட்டவணை இருக்கிறது. இந்தக் கீபோர்டிலிருந்து 70087 வந்தால் அதை வலது ஷிப்ட் என்று எடுத்துக்கொள், 70089 வந்தால் பேக்ஸ்பேஸ் என்று எடுத்துக்கொள் என்று அதில் எழுதிவிடலாம். எக்ஸ்கேபி, ஐபஸ், டெஸ்க்டாப் எல்லாவற்றுக்கும் கீழே நடக்கிற மாற்றம் என்பதால் மேலே யார் எதை அழித்தாலும் இதைத் தொட முடியாது. எட்சி, அதற்குள் யுடெவ், அதற்குள் ஹெச்டபிள்யூடிபி.டி என்ற ஃபோல்டரில் 90 என்று தொடங்கும் ஒரு ஃபைல் போட வேண்டும். முதல் வரி எந்தக் கீபோர்டு என்பதற்கு, கீழே கீக்கு ஒரு வரி.

மூன்றே வரி என்று நினைக்காதீர்கள், இந்த ஃபைல் ஒரு ஊமைக் கோட்டான். தப்பாக எழுதினால் பல தடவை திட்டாது, முறைக்காது, பேசாமல் விட்டுவிடும். எங்கெங்கே மாட்டிக்கொள்ளும் என்று சொல்கிறேன். எல்எஸ்யுஎஸ்பி கட்டளை காட்டுகிற தயாரிப்பாளர் எண்ணிலும் கருவி எண்ணிலும் ஆங்கில எழுத்து இருந்தால் சின்ன எழுத்தில் வரும். ஃபைலில் அவை பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். முதல் வரி ஓரத்திலிருந்தே தொடங்க வேண்டும். கீ வரிகளுக்கு முன்னால் ஒரு இடைவெளி கட்டாயம், அது இல்லாவிட்டால் அந்த வரி கணக்கிலேயே வராது. எழுதிச் சேமித்தால் மட்டும் போதாது, சிஸ்டம்டி-ஹெச்டபிள்யூடிபி அப்டேட், அதன் பிறகு யுடெவ்ஏடிஎம் ட்ரிக்கர் என்று இரண்டு கட்டளையும் சூடோவோடு கொடுக்க வேண்டும். எண் குழம்பி என்டர் கீயே வேறு எதுவோ ஆகிவிட்டால் டெர்மினலில் ஒன்றும் செய்ய முடியாது, அதனால் வேலை முடிகிறவரை பழைய கீபோர்டையும் சொருகியே வையுங்கள். அட்டவணை அந்தக் கருவி எண்ணுக்கு மட்டும் என்பதால் பழையதை அது ஒன்றும் செய்யாது.

கட்டளை இரண்டும் ஓடியபின் ஈவிடெஸ்டைத் திறந்து ரோவைத் தட்டினேன். ரைட் ஷிப்ட் என்று வந்தது. தமிழுக்கு மாற்றி ராஜா என்று அடித்தேன், ராஜா என்றே வந்தது. வயரைப் பிடுங்கிச் சொருகினேன், ராஜா. அடுத்து மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட்டை நிறுத்தினார்கள், கிழட்டு யுபிஎஸ் கைவிட்டது, மெஷின் படுத்து எழுந்தது. அப்போதும் ராஜா. இருநூறு ரூபாய் கூலி வாங்கிய தம்பியிடம் கொண்டுபோய்க் காட்டலாமா என்றுகூடத் தோன்றியது.

மொழி மாற்றும் கீக்கு இவ்வளவு பாடு இல்லை. முஹென்கனும் ஹென்கனும் யுஎஸ் லேஅவுட்டிலேயே தங்கள் பெயரோடு வந்து நிற்கின்றன. எக்ஸ்எஃப்சிஇ கீபோர்டு அமைப்பில் அப்ளிகேஷன் ஷார்ட்கட் பகுதியில் முஹென்கனுக்கு ஐபஸ் எஞ்சின் கட்டளையோடு தமிழ்99, ஹென்கனுக்கு அதே கட்டளையோடு யுஎஸ் ஆங்கிலம். எல்லா அப்ளிகேஷனுக்கும் ஒரே உள்ளீட்டு முறை என்று ஐபஸில் ஒரு பெட்டி இருக்கிறது, அதையும் டிக் செய்துவிடுங்கள். ஒரே கீயை மாற்றி மாற்றித் தட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். இப்போது தமிழில் இருக்கிறோமா என்று சந்தேகம் வந்தால் இடது கீயை இன்னொரு தடவை தட்டினால் போச்சு, தமிழ் தமிழாகவே இருக்கும்.

மூன்றாவதாக இருந்த கத்தகானா கீயையும் சும்மா விடவில்லை. அதைத் தட்டினால் காதணி விழா மாதிரிப் பத்திரிகைகள் இருக்கிற ஃபோல்டர் திறக்கும்.