சிஸ்டிக் பைப்ரோசிஸ்: தாதிமாரிடம் நான் படித்தவை

மகனுக்கு இருப்பது சிஸ்டிக் பைப்ரோசிஸ், நெஞ்சிலும் குடல் பக்கத்திலும் சளி தடித்து அடைத்துக்கொள்ளும் பரம்பரை நோய். நம் பக்கத்தில் அரிதான நோய் என்பதால் பெயர் தெரியவே காலம் எடுத்தது. முதலில் ஆஸ்துமா என்றார்கள், அப்புறம் பிரைமரி கொம்ப்ளெக்ஸ் (பிள்ளைகளுக்கு வரும் ஆரம்பக் காசநோய்) என்றார்கள். நெஞ்சுச் சளி விடவே இல்லை. எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு தேறவில்லை, மலம் எண்ணெய்ப் பசையோடு போனது. காய்ந்த வியர்வை அவன் நெற்றியில் வெள்ளையாகப் படிவதை முதலில் கண்டவர் என் மாமி. அதைச் சொன்ன பிறகுதான் ஒரு குழந்தை வைத்தியர் வியர்வைப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். தோலில் மருந்து வைத்து லேசாக மின்சாரம் கொடுத்து வியர்க்க வைப்பார்கள், ஊசி இல்லை. வியர்வையில் குளோரைட்டு லீட்டருக்கு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் இந்த நோய்தான் என்று எடுப்பார்கள். மகனுக்கு அதையும் தாண்டியிருந்தது.

உடனே வீட்டில் எழுந்த கேள்வி, இது யார் பக்கத்து வருத்தம் என்பது. இரண்டு பக்கமும்தான். 7ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவின் பழுதடைந்த பிரதி என்னிடமும் இருக்கிறது, கணவரிடமும் இருக்கிறது. எங்கள் இருவருக்கும் ஒரு வருத்தமும் இல்லை, ஆனால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு வர நான்கில் ஒரு வாய்ப்பு. நாங்கள் சொந்தத்தில் முடித்தவர்கள். சொந்தத்தில் முடித்தால் இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்புக் கூடும் என்று வைத்தியர் பக்குவமாகச் சொன்னார். அடுத்த பிள்ளையை நினைக்கிறவர்கள் அதற்கு முன்பே மரபியல் ஆலோசனை கேட்டுவிடுங்கள்.

நான் எழுத வந்தது பராமரிப்பைப் பற்றி. பொரளை சிறுவர் ஆஸ்பத்திரி வார்டில் இருந்த நாட்களில் ஒரு நேர்ஸ் மிஸ் தான் எனக்கு எல்லாம் பழக்கினார். எனக்குச் சிங்களம் கொஞ்சம்தான் வரும், அவருக்குத் தமிழ் வராது. அவர் என் கையைப் பிடித்து, தண்ணீர் அள்ளுவது போல் குவித்து, நெஞ்சுச் சளி இளகி வெளியே வர மகனின் முதுகில் மெல்லிய துணிக்கு மேல் தட்டிக் காட்டினார். சரியாகக் குவித்தால் 'பொக் பொக்' என்று கேட்கும். பளீரென்று அறை விழுந்தது போல் கேட்டால் கை தட்டையாகிவிட்டது என்று அர்த்தம், பிள்ளைக்கு நோகும். முதுகெலும்பு, நெஞ்செலும்பு, வயிறு, விலாவுக்குக் கீழே எங்கும் தட்டக்கூடாது. சாப்பிட்ட கையோடும் கூடாது, வாந்தி வரும். நான் செய்வதை அவர் பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்திய பிறகுதான் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். உங்களுக்கு அப்படி யாரும் பார்க்காவிட்டால் நீங்களே கேளுங்கள். வாயால் சொல்லித் தந்தது வீட்டுக்கு வந்ததும் மறந்துபோகும்.

மருந்துக்கும் வரிசை உண்டு. முதலில் மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூடமோல், அப்புறம் சளியை இளக்கும் உப்புக் கரைசல், பிறகு தட்டுவது, இருமித் துப்புவது. நெபுலைசரில் (மருந்தைப் புகை போலாக்கி மூச்சோடு இழுக்க வைக்கும் மெஷின்) அன்டிபயோட்டிக் இருந்தால் அது கடைசியாக, சளி வெளியேறிய பிறகு. துப்புவதற்கு மகனுக்கு ஒரு விளையாட்டு: கண்ணாடியில் ஆவி படியும்படி வாயைத் திறந்து 'ஹா' என்று ஊதுவது. அதோடு சளி மேலே வந்துவிடும்.

நெபுலைசர் கப்பை ஒவ்வொரு முறையும் சவர்க்காரத்தில் கழுவி, 5 நிமிடம் கொதிக்க வைத்து, காற்றில் உலர விட வேண்டும் (கொதிக்க வைக்கலாமா என்று பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்). ஈரமாக மூடி வைத்தால் சூடோமோனாஸ் என்ற கிருமி வளரும், இந்தப் பிள்ளைகளின் நெஞ்சைக் கெடுப்பதில் அது முக்கியமானது. 2022இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்களில், கொட்டாஞ்சேனையில் ஜெனரேட்டர் வைத்திருந்த கடைக்காரர் ஒருவர் காலையும் மாலையும் எங்களுக்கு ஒரு பிளக் விட்டுத் தந்தார். அந்த உதவியை எந்தக் காலத்திலும் மறக்க மாட்டேன்.

மனதுக்குக் கஷ்டமாக இருந்த விதி ஒன்று. இதே நோயுள்ள இன்னொரு பிள்ளையோடு மகன் சேரக்கூடாது. ஒருவர் நெஞ்சில் இருக்கும் கிருமி மற்றவருக்குத் தொற்றினால் இருவருக்கும் ஆபத்து. கிளினிக்கில் இன்னொரு தாயைக் கண்டபோது பிள்ளைகளைத் தூரத் தூர உட்கார வைத்துவிட்டு நாங்கள் மட்டும் பேசினோம். இரண்டு பிள்ளைகளும் கை காட்டிக்கொண்டார்கள்.

சாப்பாட்டில், சமிபாட்டுக்கு உதவும் நொதியம் உள்ள கிரியோன் மாத்திரை பெரிய விஷயம். சோறோ பாலோ பிஸ்கட்டோ, கொழுப்புள்ள எதுவானாலும் அதோடு கொடுக்க வேண்டும். விழுங்கத் தெரியாத வயதில் உறையைத் திறந்து, மசித்த அப்பிளில் கலந்து கொடுத்தோம். பல்லால் கடித்து மென்று தின்ன விடக்கூடாது, சூடான சாப்பாட்டில் போடக்கூடாது. ஊரில் எல்லோரும் உப்பைக் குறை என்பார்கள். இவனுக்குக் கூட்டச் சொன்னார்கள், கொழும்பு வெயிலில் உப்பெல்லாம் வியர்வையோடு போய்விடும். வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்) கையிலேயே இருக்கும்.

இப்போது பள்ளிக்கூடம் போகிறான். டீச்சரிடம் நேரில் போய்ச் சொன்னேன்: இது மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றும் வருத்தம் இல்லை, இருமினால் அடக்கச் சொல்லாதீர்கள், கழிவறைக்குக் கேட்டால் உடனே விடுங்கள், இடைவேளைச் சாப்பாட்டோடு மாத்திரையை ஞாபகப்படுத்துங்கள். அவர் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டு, தண்ணீர்ப் போத்தலை மேசையிலேயே வைக்கட்டும் என்றார்.