ஒரு சுங்குடி கவுன், பல கோலங்கள்

ஜனவரி 6

மதுரையில் வாங்கிய சுங்குடிச் சேலையை வெட்டிக் கவுனாகத் தைக்கும் வேலை இன்று முடிந்தது. அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள், ஒடுங்கிய சரிகைக் கரை. துணியைக் கிள்ளி நூலால் இறுக முடிந்து சாயத்தில் முக்குவதால், சாயம் ஏறாத இடமே புள்ளியாக நின்றுவிடுகிறது. கையால் முடிந்த சுங்குடியில் ஒரு புள்ளியைப் போல் இன்னொன்று இராது. சௌராஷ்டிரர்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் இத்தொழிலுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் கடைகளில் அச்சிட்ட சுங்குடியே மிகுதி என்பதால், புள்ளிகளைச் சுற்றித் துணி சற்றே புடைத்திருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகே வாங்கினேன்.

பல விதமாக உடுத்த வேண்டும் என்பதை மனத்தில் வைத்தே வெட்டினேன். கீழ் ஓரத்தில் கரை வர வேண்டும். கீழே போகப்போக விரியும் ஏ-லைனாக வெட்டினால் ஓரம் வளைந்துவிடும், வளைந்த ஓரத்தில் நேர்க்கரை படியாது. ஆகவே மேலே தோளையும் மார்பையும் ஒட்டிய யோக் என்னும் மேற்பகுதி, அதற்குக் கீழே நேர்த்துணியைச் சுருக்கிச் சேர்த்த பாவாடைப் பகுதி, முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை பொத்தான்கள், பக்கத் தையலில் பாக்கெட் என்று அமைத்தேன். கழுத்துக்குக் கரை வைக்கவில்லை. வைத்திருந்தால் எந்த நகையும் அதனோடு மல்லுக்கு நின்றிருக்கும்.

ஜனவரி 9

அலுவலகத்துக்கு: எல்லாப் பொத்தான்களும் பூட்டி, கீழே கறுப்பு ஒடுங்கு கால்சட்டை, காதில் சிறு தோடு. கழுத்தில் எதுவும் இல்லை. குர்தா என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஜனவரி 15

பொங்கலுக்கு முந்தானையை எடுத்தேன். தைத்தபோது அதை வெட்டாமல் தனியே வைத்து, ஓரம் மட்டும் மடித்துத் தைத்திருந்தேன். அதைத் தாவணியைப் போல் இடத்தோளில் மடித்துப் போட்டு, மறுமுனையை வலப்பக்க இடுப்பில் செருகி, மேலே மெல்லிய ஒட்டியாணம் பூட்டியதும், தொளதொளவென்று தொங்கிய கவுனுக்கு இடுப்பு என்று ஒன்று வந்துவிட்டது. ஜிமிக்கியும் மல்லிகையும் போதுமாயிருந்தன. சேலையை வெட்டியதற்கு முகம் சுளித்திருந்த அத்தை, முந்தானை முழுசாக இருப்பதைக் கண்ட பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஜனவரி 21

இன்று கவுனை மேலங்கியாக்கினேன். உள்ளே வெள்ளைப் பருத்திச் சட்டையும் நீல ஜீன்ஸும் அணிந்து, பொத்தான்களை முழுவதும் திறந்துவிட்டுக் கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டேன். நடுவில் புள்ளியற்ற பட்டை நெடுகத் தெரிவதால், பாவாடைச் சுருக்குகளால் அகலமாய்த் தோன்றிய உடம்பு இருபுறமும் ஒடுங்கிவிடுகிறது. இதுவரை உடுத்தியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஜனவரி 27

நியூயார்க்கில் ஷீனா மத்தேய்க்கன் 2009இல் தொடங்கி ஓராண்டு முழுவதும் ஒரே மாதிரிக் கறுப்பு கவுனை நாளுக்கொரு விதமாக உடுத்தி, இந்தியாவில் ஏழைக் குழந்தைகளின் கல்விக்காக உழைக்கும் ஆகாங்க்ஷா அறக்கட்டளைக்கு நிதி திரட்டினார். அந்தக் கவுனும் முன்னும் பின்னும் மாற்றிப் போடக்கூடியது, பொத்தானைத் திறந்தால் மேலங்கியாவது. ஆனால் அவரிடம் ஒரே அச்சில் ஏழு கவுன்கள் இருந்தன. கறுப்போ எதையும் ஏற்றுக்கொள்ளும். புள்ளித் துணி அப்படியல்ல, பூப்போட்ட துப்பட்டா எதையும் அது அருகில் அண்டவிடுவதில்லை. போதாததற்கு, அரக்குச் சாயம் இறங்குவதால் இதைத் தனியே குளிர்ந்த நீரில் அலசி, உட்புறம் வெளியே தெரியும்படி நிழலில் உலர்த்த வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 2

கவுனுக்கு மேல் இடுப்பளவே வரும் கறுப்புச் சட்டை ஒன்றை அணிந்தால் யோக்கும் பொத்தான்களும் மறைந்து, கரை வைத்த பாவாடை மட்டுமே எஞ்சுகிறது. பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் இரண்டடுக்குத் துணியை மதுரை வெயில் அதிக நாள் அனுமதிக்காது. மாசி பிறப்பதற்குள் இன்னும் ஒரு முறை உடுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு முன் இந்த வெள்ளைப் பிளாஸ்டிக் பொத்தான்களைப் பிரித்துவிட்டுத் தேங்காய்ச் சிரட்டைப் பொத்தான்களைத் தைக்கப்போகிறேன். மேலங்கியாகத் திறந்துவிடும்போது வெள்ளைப் பொத்தான்கள் புள்ளிகளோடு கலந்து கண்ணை உறுத்துகின்றன.