டிப்பருக்கு 31, அடுப்புக்கு 400

எங்கள் வீடு கிளிநொச்சியில் இருந்து அக்கராயன் போகிற பக்கம், கிரவல் ஒழுங்கை ஓரம். சோளகம் எழும்பிவிட்டால் அம்மா உடுப்புக் காயப்போட முதல் ஒழுங்கையை எட்டிப் பார்ப்பா, டிப்பர் ஏதும் வருகிறதா என்று. வேலியோரத்து வாழையில் ஒரு இலைகூடப் பச்சையாக இராது. அம்மாவுக்கு முட்டு வருத்தம் வேறு. அதனால்தான் போன வருசம் தூசி அளக்கிற சின்னக் கருவி ஒன்று எடுப்பித்தேன்.

தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. உள்ளே ஒரு குட்டி விசிறி, ஒரு லேசர், ஒளியை உணரும் ஒரு சில்லு. விசிறி காற்றை இழுக்கும். லேசரில் தூசி பட்டுச் சிதறும் ஒளியை வைத்துக் கருவி கணக்குப் போடும். பழைய ஐஸ்கிறீம் பெட்டியில் ஓட்டை போட்டு உள்ளே வைத்து, வேலிக் கதியாலில் கட்டினேன்.

முதல் டிப்பர் போனது. எதிர் வேலி தெரியாத அளவுக்குப் புழுதி. திரையில் 31.

"இதுக்கே காசு குடுத்தனி?" என்றா அம்மா.

கருவி பழுது என்றுதான் நானும் நினைத்தேன். பழுதில்லை. திரையில் வருவது பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்கிரோமீற்றருக்கு உட்பட்ட துகள் ஒரு கனமீற்றர் காற்றில் எத்தனை மைக்கிரோகிராம் என்ற கணக்கு. எங்கள் தலைமுடியின் தடிப்பே கிட்டத்தட்ட 70. கிரவல் புழுதியில் பெரும்பங்கு அந்த 2.5ஐ விடப் பருமன்; அந்தக் குட்டி விசிறியால் அதை ஒழுங்காக இழுக்க ஏலாது. 10 மைக்கிரோமீற்றர் வரையான துகளுக்கு பிஎம் 10 என்று ஒரு எண்ணும் திரையில் வரும். அது பெரும்பாலும் சின்னத் துகளை எண்ணிவிட்டுப் பெரிசை ஊகிப்பது. புழுதி விசயத்தில் அதை நான் நம்புவதில்லை.

சரி, பெரிய புழுதிக்கு வேறு வழி. உடைந்த யன்னல் கண்ணாடியில் நாலு துண்டு வெட்டி, வசிலீன் பூசி, ஒழுங்கையோரத்தில் இரண்டும் பூவரசம் வேலிக்கு உள்ளே இரண்டும் வைத்தேன். பொழுதுபட எடுத்துப் பார்த்தால் வெளித்துண்டு இரண்டும் செங்கல் நிறம். உள்ளே இருந்ததில் அங்கொன்று இங்கொன்று. மிச்சத்தைப் பூவரசம் இலைகள் வாங்கிவிட்டன. பூவரசை வெட்டிப்போட்டு மதில் கட்டுவோம் என்று நின்ற அண்ணாவுக்கு அந்தத் துண்டுகளைத்தான் காட்டினேன்.

மழைக்கும் இதே கதை. ஐப்பசியில் முதல் மழை பெய்தபோது கண்ணாடி இரண்டு நாள் சுத்தமாகவே கிடந்தது. திரையில் எண் பெரிதாக இறங்கவில்லை. மழைத்துளி பருமனான தூசியை அடித்து விழுத்தும். மிக நுண்ணியது துளியைச் சுற்றிப் போகும் காற்றோடேயே விலகித் தப்பிவிடும்.

மார்கழியில் கருவி வேறு விதமாக ஏய்த்தது. விடிய ஐந்தரைக்குத் திரையில் 90. டிப்பரும் இல்லை, வைக்கோல் எரிப்பும் இல்லை, பனிமூட்டம் மட்டும்தான். ஈரத்தில் துகள்கள் ஊதிப் பெருக்கும், பனித்துளியையும் லேசர் தூசி என்றே எண்ணும். வெயில் ஏறி ஒன்பது மணிக்கு 20. இப்போது ஈரப்பதம் 80 வீதத்தைத் தாண்டின எண்களைக் கொப்பியில் வட்டம் போட்டுத் தள்ளி வைக்கிறேன்.

ஆனால் மார்கழி மூட்டம் எல்லாமே பனி என்று விடவும் முடியாது. 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலோடு இந்தியப் பக்கமிருந்து அழுக்குக் காற்று வந்து, 9ஆம் திகதி நாடு முழுக்கப் பள்ளிக்கூடம் பூட்டினார்கள். அந்தக் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை மாடுகள் செத்தன! அப்போது என்னிடம் இந்தப் பெட்டி இல்லை. இருந்திருந்தால் வெயில் ஏறியும் எண் இறங்குகிறதா என்று பார்த்திருப்பேன்.

ஒருநாள் மழைக்குப் பயந்து பெட்டியைக் கழற்றிக் குசினிக்குள் வைத்தேன். அம்மா ஈரப் பாலை விறகை ஊதிக்கொண்டிருந்தா. 120, 260, பிறகு 400ஐயும் தாண்டியது. ஒரு நாள் சராசரி 15ஐத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. அம்மா அந்த அடுப்படியில் நாளுக்கு மூன்று மணித்தியாலம் நிற்கிறா.

திரையைக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தா. "அடுப்பென்ன டிப்பரே?"

அடுத்த நாள் விடிய எழும்பிப் பார்த்தால் பெட்டி பழையபடி கதியாலில் தொங்குகிறது. நான் கட்டியதை விட இறுக்கமான முடிச்சு.