பங்கு வைப்பவர் கடைசியில் எடுக்கட்டும்

பாகப்பிரிவினைக்கு வருபவர்கள் எங்கெங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்தாலே, அன்றைக்கு வேலை முடியுமா முடியாதா என்பது எனக்குத் தெரிந்துவிடும். அண்ணன் என் மேசைக்கு எதிரே நாற்காலியில் இருப்பார். தம்பி வெளியே பைக்கை விட்டு இறங்காமல் இருப்பார். தங்கச்சியும் அவர் வீட்டுக்காரரும் எதிர் டீக்கடையில். இப்படி மூன்று இடமாகப் பிரிந்து உட்கார்ந்தால் அன்றைக்குக் கையெழுத்து நடக்காது. மேலூர்ப் பக்கம் 27 வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். கிரயம், அடமானம், தானம், உயில் எல்லாம் எழுதியிருக்கிறேன். ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது பாகப்பிரிவினை மட்டும்தான்.

என் மகள் பொருளியல் முதுகலை படித்தபோது ஆட்டக் கோட்பாடு என்று ஒரு பாடம் வந்தது. படித்ததை யாரிடமாவது வாய்விட்டுச் சொன்னால்தான் அவளுக்கு மனதில் நிற்கும். சாப்பிட்டு முடித்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வாள். நான் எடுக்கும் முடிவின் பலன், எதிரே இருப்பவர் என்ன முடிவு எடுக்கிறார் என்பதையும் பொறுத்தது; அவரும் என்னைப் பற்றி அப்படியே யோசித்துக்கொண்டிருக்கிறார். அப்படியானால் இரண்டு பேரும் என்ன செய்வார்கள்? இதற்குக் கணக்குப் போட்டு, வான் நாய்மனும் மார்கன்ஸ்டர்னும் 1944-இல் ஒரு பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார்கள் என்றாள். கேட்கக் கேட்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் மேசைக்கு முன்னால் தினமும் நடப்பது அதுதானே.

எங்கள் பக்கத்து நிலத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரியாறு பிரதானக் கால்வாயில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகப் பாசனம், சுமார் 45 ஆயிரம் ஏக்கர். கள்ளந்திரிக்குக் கீழே மேலூர் வரை ஒருபோகம், அது சுமார் 85 ஆயிரம் ஏக்கர். ஆகவே எங்கள் ஊரில் ஏக்கருக்கு ஏக்கர் சரி என்று யாராவது சொன்னால், அவர் விவரம் தெரியாதவராக இருக்க வேண்டும், அல்லது விவரம் நன்றாகத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

ஒரு குடும்பத்துக்கு இரண்டு பக்கமும் நிலம் இருந்தது. கள்ளந்திரிக்கு மேலே ஒரு ஏக்கர் பத்து சென்ட், மேலூர்ப் பக்கம் மூன்று ஏக்கர். மூத்தவர் தன் கையால் எழுதிய தாளை நீட்டி, "இப்படியே டைப் பண்ணிருங்க" என்றார். இருபோக வயல் முழுவதும் அவர் பெயரில் இருந்தது. நான் மறுத்துப் பேசவில்லை. "பங்கு நீங்களே வைங்க. ஆனா தம்பி மொதல்ல எடுக்கட்டும், அப்புறம் தங்கச்சி, மிச்சம் உங்களுக்கு" என்று மட்டும் சொன்னேன். ஊரில் பெரியவர்கள் சொல்லிவந்த முறைதான். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் ஒரு நோட்டோடு வந்தார். ஒவ்வொரு துண்டிலும் எத்தனை தென்னை காய்க்கிறது, வண்டிப்பாதை எந்த வரப்பு வழியாகப் போக வேண்டும், மடையிலிருந்து எந்த வயலுக்குத் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிறது என்று பென்சிலால் குறித்திருந்தார். கடைமடைத் துண்டுக்கு 22 சென்ட் கூட வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "யாருக்கு விழுந்தாலும் அழுவாகல்ல" என்றார். அவருக்கே விழலாம் என்பது அந்த வார்த்தைக்குள் இருந்தது. முந்தின வாரம் வந்த அதே மனிதர்தான். மாறியது எடுக்கும் வரிசை ஒன்றுதான்.

இரண்டு பேருக்கு இந்த முறை கச்சிதமாகப் பொருந்தும். மூன்றாவது ஆள் வந்தால், நடுவில் எடுப்பவருக்கு ஒரு குறை தங்கிவிடலாம். இப்போது மூன்றாவது ஆள் வராத குடும்பமே இல்லை. 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு தந்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அது இல்லை. 2005-இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தில் அந்தத் தடையும் போயிற்று. அப்பா அப்போது உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதும் அவசியமில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நான் தொழிலுக்கு வந்த புதிதில், அக்கா தங்கச்சிகள் சேலைக்கும் சீருக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு அண்ணன் முகத்தைக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறுவார்கள். இன்று அவர்கள் உட்கார்ந்து வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். எனக்கு வேலை கூடியிருக்கிறது. ஆனாலும் இது நல்ல மாற்றம் என்றுதான் மனதார நினைக்கிறேன்.

நிலத்தைக் கயிறு போட்டுப் பிரிக்கலாம், வீட்டை என்ன செய்வது? நடுவில் சுவர் எழுப்பி, இரண்டு பக்கமும் குடியிருக்க முடியாமல் போன வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். போலந்து நாட்டுக் கணித அறிஞர் ஸ்டைன்ஹவுஸ் 1948-இல் எழுதிய ஒரு முறையை மகள் சொன்னாள். கண்டுபிடித்தவர் அவருடைய நண்பர் கினாஸ்டராம். ஒரு அண்ணன் தங்கச்சிக்கு அதைச் செய்து பார்த்தேன். அந்த வீடு தனக்கு எவ்வளவு பெறும் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி, மடித்து என்னிடம் கொடுக்க வேண்டும். அண்ணன் 30 லட்சம் எழுதினார், தங்கச்சி 24 லட்சம். கூட எழுதியவருக்கு வீடு. அண்ணன் கணக்கில் அவர் பாதி 15 லட்சம், தங்கச்சி கணக்கில் அவர் பாதி 12 லட்சம். வீட்டை எடுக்கும் அண்ணன் 15 லட்சத்தை நடுவில் வைக்கிறார். தங்கச்சி தன் 12 லட்சத்தை எடுத்துக்கொள்கிறார். மிச்சம் 3 லட்சம் ஆளுக்குப் பாதி. முடிவில் தங்கச்சி கையில் பதின்மூன்றரை லட்சம், அவர் நினைத்ததைவிட ஒன்றரை லட்சம் கூட. அண்ணனும் தான் நினைத்த பங்கைவிட ஒன்றரை லட்சம் கூடப் பெற்றிருக்கிறார். இருவரின் மனக்கணக்கும் வேறு வேறாக இருந்ததால்தான் அந்த 3 லட்சமே பிறந்தது. பேரம் பேசியிருந்தால் அதே வித்தியாசத்தை வைத்துத்தான் சண்டை போட்டிருப்பார்கள்.

இதிலும் ஓட்டை உண்டு. தங்கச்சி 24 எழுதப்போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், அண்ணன் அதற்கு மேலே ஒரு ரூபாய் மட்டும் கூட்டி எழுதிவிடலாம். அதனால் சீட்டு எழுதும்போது நான் யாரையும் பக்கத்தில் விடுவதில்லை, பெற்ற தாயாக இருந்தாலும்.

அடுத்த தொல்லை கடைசிக் கையெழுத்து. எட்டுப் பேர் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றால், ஏழு பேர் போட்ட பிறகு எட்டாவது கையெழுத்துக்கு வைத்ததுதான் விலை. இது எல்லோருக்கும் தெரியும் என்பதால் முதல் கையெழுத்தே விழாது. நான் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுவேன்: ஒருவருக்குக் கூட்டிக் கொடுத்தால் எல்லோருக்கும் அதே அளவு கூட்டிக் கொடுக்க வேண்டும். பணம் கொடுப்பவர் தன் கையைத் தானே கட்டிக்கொள்கிறார், அதனாலேயே அவரை நெருக்க முடியாது. 2005-இல் நோபல் வாங்கிய தாமஸ் ஷெல்லிங் சொன்னதும் இதுதான் என்றாள் மகள்.

இனி என் சொந்தக் கதை. அப்பா 2009-இல் காலமானார். நானும் தம்பியும் மட்டும்தான். நான் மூத்தவன், போதாததற்குப் பத்திரம் எழுதுகிறவன். வரைவை நானே உட்கார்ந்து எழுதினேன். 'ஏ' ஷெட்யூல் எனக்கு, 'பி' ஷெட்யூல் அவனுக்கு. அவனுக்கு எட்டு சென்ட் கூட வைத்து, கிணற்றுப் பக்கத்தையும் கொடுத்திருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து முழுவதும் படித்தான். "எல்லாம் சரியாத்தாண்ணே இருக்கு. என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றான். தாளைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு எழுந்து போனான். என் மகள் சடங்குக்கு வந்தவன் மொய் எழுதிவிட்டு, கை நனைக்காமல் போனான். பந்தியில் அவனுக்குப் போட்ட இலை அப்படியே கிடந்தது.

பதினோரு வருஷம் கழித்து அந்த மகள்தான் இன்னொரு பாடம் சொன்னாள். 1982-இல் ஜெர்மனியில் கூத் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்களாம். ஒருவர் கையில் பணம். அதில் எவ்வளவு கொடுப்பது என்று அவரே முடிவு செய்வார். மற்றவர் சரி என்றால் அப்படியே பிரியும், வேண்டாம் என்றால் இருவருக்கும் ஒன்றுமில்லை. எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும் சும்மா வருகிற காசுதானே, வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது கணக்கு. ஆனால் சிலர் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். "சித்தப்பாவுக்கு நீங்க கூடத்தானப்பா குடுத்தீங்க, அவரு ஏன் வேணாம்னாரு?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஊரார் வீட்டில் வரிசையை மாற்றிக் கொடுத்தவன், என் வீட்டில் பிரிப்பவனும் நானே, எடுப்பவனும் நானே, அவனுக்குக் கையெழுத்து மட்டும் என்று வைத்திருந்தேன்.

அதே வரைவை எடுத்துப் பெயர் இருந்த இடத்தையெல்லாம் வெற்றிடமாக விட்டு, அவன் வீட்டுக்குப் போனேன். "நான் பிரிச்சது இது. எது வேணுமோ நீ எடு. பிரிச்சதே பிடிக்கலைன்னா நீ பிரி, நான் எடுத்துக்கறேன்" என்றேன். பதினைந்து நாள் எடுத்துக்கொண்டான். பாதையை ஆறடி தெற்கே தள்ளச் சொன்னான். பிறகு 'ஏ' ஷெட்யூலை எடுத்தான். எட்டு சென்ட் குறைவான பங்கு.

அதற்குள்தான் மாட்டுக்கொட்டம் இருந்தது. வரைவில் நான் அதை 'பழுதடைந்த கொட்டகை, மதிப்பு ஏதுமில்லை' என்று எழுதியிருந்தேன். அப்பா கடைசி இரண்டு வருஷம் அந்தக் கொட்டத்தில்தான் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். ராத்திரியில் கூடப் படுத்தவன் தம்பி. நான் டவுனில் இருந்தேன்.

கிணறு பொது. கிணற்றுப் பங்காளிச் சண்டை எப்படித் தொடங்கும் என்பது எனக்கு அத்துபடி. ஒருவன் ஒரு மணி நேரம் கூட மோட்டார் ஓட்டுவான், மற்றவன் அடுத்த நாள் இரண்டு மணி நேரம் ஓட்டுவான், கடைசியில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பூட்டு விழும். ஒத்துப்போவதா ஏமாற்றுவதா என்று நிரல்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, ராபர்ட் ஆக்சல்ராட் 1980 வாக்கில் கம்ப்யூட்டரில் நடத்திய போட்டியில், அனடோல் ராப்போபோர்ட் அனுப்பிய மிகச் சின்ன நிரல் ஜெயித்ததாம். முதலில் ஒத்துப்போவது, ஏமாற்றினால் அடுத்த முறை மட்டும் திருப்பிக் கொடுப்பது, எதிராளி திருந்தினால் பழையதை மறந்துவிடுவது, அவ்வளவுதான் அதன் வழி. பங்காளிகள் தவறவிடுவது அந்தக் கடைசிப் பகுதியைத்தான். கரண்ட் போய்விட்டு வந்து நேரம் தப்பியதைக்கூட வேண்டுமென்றே செய்ததாக எடுத்துக்கொண்டு, பேரன் காலம் வரை கொண்டுபோவார்கள்.

அதனால் எங்கள் பத்திரத்தில் முறையைத் தெளிவாக எழுத நினைத்தேன். திங்கள், செவ்வாய், புதன் அவனுக்கு. வியாழன், வெள்ளி, சனி எனக்கு. ஞாயிறை ஒன்றுவிட்டு ஒன்று என்று டைப் செய்யப் போனபோது தம்பி கையை நீட்டித் தடுத்தான்.

"ஞாயித்துக்கெழமய எழுதாதீங்கண்ணே. அது பேசிக்கிருவோம்."

பதிவு முடிந்து நான்கு வருஷம் ஆகிறது. சனிக்கிழமை ராத்திரி எட்டு, எட்டரைக்கு அவன் போன் வரும்.