பின்பக்கம்

சூரியப் புயல்களைக் கண்காணிக்கும் எங்கள் மையத்தின் பதிவேட்டில் அன்று நான் எழுதியது ஒரே ஒரு சொல். அதை இனி திருத்த முடியாது. எங்கள் பதிவேட்டில் அழிக்க வழி கிடையாது, வேண்டுமானால் கீழே இன்னொரு வரி சேர்க்கலாம்.

சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும் சோஹோ விண்கலத்தின் சி3 கேமராப் படங்கள் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்தன. ஷிஃப்டுக்கு வந்து மூன்றாவது வாரமே ஆன பையன் ஒவ்வொரு படத்திலிருந்தும் முந்தைய படத்தைக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படிக் கழித்தால் நகராதது எல்லாம் சாம்பலாகிவிடும். நகர்வது மட்டும் முன்னே வெள்ளையாகவும் பின்னே கறுப்பாகவும் தெரியும். நடுவில் சூரியனை மறைக்கும் தட்டு. அதைச் சுற்றி, ஈரத்துணியால் துடைத்த கண்ணாடியில் மிஞ்சும் கோடு மாதிரி முக்கால் வட்டம். எனக்கு முதலில் கண்ணில் படவே இல்லை. அவன்தான் விரலால் காட்டினான்.

"மேடம், இது ஹேலோவா?"

"ஹேலோதான். ஆனா முழுசா இல்ல."

"நம்ம பக்கம் வருதா, அந்தப் பக்கம் போகுதா?"

சரியான கேள்விதான். சூரியனிலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்பும் காந்த வாயு மேகமான சி.எம்.இ. நேராக நம்மை நோக்கி வந்தாலும், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனாலும், சூரியனை மறைத்துப் படமெடுக்கும் கொரோனாகிராஃபில் ஒரே மாதிரி வட்டமாகத்தான் விரியும். அந்த வட்டம்தான் ஹேலோ. எலெக்ட்ரான்கள் சிதறடித்த ஒளியைத்தான் பார்க்கிறோம், அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் படம் சொல்லாது. அதனால் அதே நேரத்தில் எடுத்த புற ஊதாப் படங்களில் சூரியனின் முகத்தைப் பார்ப்போம். ஃபிளேர் என்கிற ஒளிவீச்சு வெடித்திருக்கிறதா, வாயு இழை எதுவும் கழன்றிருக்கிறதா, ஏதாவது ஒரு இடம் திடீரென்று மங்கியிருக்கிறதா என்று தேடுவோம். இருந்தால் முன்பக்கம். இல்லையென்றால் பின்பக்கம்.

பார்த்தேன். மூன்று அலைநீளங்களில், ஆறு மணி நேரம் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன். முகம் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஒன்னும் இல்ல. பின்பக்கம்."

"ஒன்னும் இல்லையா மேடம், இல்ல நமக்கு ஒன்னும் தெரியலையா?"

"தெரியாததை நாம எழுதக் கூடாதுப்பா."

அவன் "சரி மேடம்" என்றான். நான் 'பின்பக்கம்' என்று எழுதினேன்.

இந்த உரையாடலை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. தெரியாததை எழுதக் கூடாது என்று அவனுக்குச் சொன்ன அதே மூச்சில் எனக்கே தெரியாத ஒன்றை எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டத்தில் மூன்று தேர்வுகள் உண்டு: முன்பக்கம், பின்பக்கம், சந்தேகம். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தால் காரணம் எழுத வேண்டும், பொறுப்பாளரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், அவர் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிடுவார். அப்போது மணி அதிகாலை நாலேகால். சோம்பல் என்று சொல்லிவிட்டால் சுலபம்தான், ஆனால் அது சோம்பல் மட்டுமில்லை.

அதற்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு முழு ஹேலோவை முன்பக்கம் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். எச்சரிக்கை போனது. செயற்கைக்கோள்களை இயக்குபவர்கள் செய்ய வேண்டிய வேலைகளைத் தள்ளிவைத்தார்கள். அது பூமியைத் தொடவே இல்லை, ஓரமாக விலகிப் போய்விட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்தில் ஒருவர் "அந்த வராத புயல்" என்று பேச்சுவாக்கில் சொன்னதும் நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கருவிகளும் கைகொடுக்கவில்லை. பக்கவாட்டிலிருந்து பார்ப்பதற்காகவே 2006-ல் இரண்டு ஸ்டீரியோ விண்கலங்களை அனுப்பினார்கள். பூமிக்கு முன்னே ஏ, பின்னே பி. 2014 அக்டோபரில் பி-யின் தொடர்பு அறுந்தது. ஏ நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது நம்மை ஒரு சுற்று முந்திக்கொண்டு 2023 ஆகஸ்டில் பூமியைக் கடந்தது. நான் சொல்லும் இந்தச் சம்பவம் அதையொட்டிய வாரங்களில் நடந்தது. பக்கவாட்டில் நிற்க வேண்டிய ஒரே கண்ணும் என் கண்ணோடு சேர்ந்து நின்று நான் பார்த்ததையே பார்த்துக்கொண்டிருந்தது. சூரியனைப் பக்கவாட்டில் பார்க்கத் தோதான எல்5 புள்ளியில் நிறுத்தப்போகும் விஜில் விண்கலத்தை ஏவுவதற்கே 2031 வரை காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் விளக்கக் குறிப்பில் எழுதினேன். ஒவ்வொரு வரியும் உண்மை. ஒவ்வொரு வரியிலும் நான் கொஞ்சம் ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

முகத்தில் சுவடே இல்லாமல் கிளம்பும் சி.எம்.இ.-க்கள் உண்டு என்பது எனக்குத் தெரியாத விஷயமா என்ன? ஸ்டெல்த் என்றே அவற்றுக்குப் பெயர். 2009 வாக்கிலிருந்து அவற்றைப் பற்றிக் கட்டுரைகள் வருகின்றன. சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவின் உயரத்தில் மெதுவாக ஊதிப் பெருத்துக் கழன்றுகொள்ளும், கீழே எதுவும் எரியாது. மெதுவானவை, மங்கலானவை. நாங்கள் அளந்த வேகம் நொடிக்கு 350 கிலோமீட்டர். மெதுவானது, மங்கலானது, முகத்தில் சுவடு இல்லாதது: மூன்றும் என் முன்னால் இருந்தன. ஆனால் அதிகாலை நாலேகாலுக்கு அவை மூன்றும் வேறு கணக்காகத் தெரிந்தன. மெதுவானதா, ஆபத்தில்லை. மங்கலானதா, சின்னது. சுவடு இல்லையா, பின்பக்கம்.

15 கோடி கிலோமீட்டரை அந்த வேகத்தில் கடக்க ஐந்து நாள் ஆகும். ஐந்தாம் நாள் இரவு, பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே எல்1 புள்ளியில் இருக்கும் காந்தமானிகளில் காந்தப்புலம் ஏற ஆரம்பித்தது. வழக்கமாக ஐந்து நானோடெஸ்லா அளவில் கிடப்பது பதினான்கைத் தொட்டது. திசை தெற்கே சாய்ந்து ஒன்பது மணி நேரம் அப்படியே கிடந்தது. தெற்கு என்றால் பூமியின் காந்தப்புலத்தோடு பிணைந்து கதவைத் திறந்துவிடும். எல்1-லிருந்து பூமிக்கு வர அதற்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். எச்சரிக்கை என்று கொடுக்க முடிந்தது அவ்வளவுதான். புயலின் வலுவைச் சொல்லும் கேபி எண் 6 வரை போனது. மிதமான புயல். எதுவும் எரியவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு நான் தப்பிக்கப் பார்த்ததுண்டு. ஆனால் 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 திரும்பி விழுந்து எரிந்தது இதைவிடப் பெரிய புயலில் இல்லை. காற்று மண்டலம் சூடாகி உப்பியது, தாழ்வாக இருந்த அவற்றை இழுத்துக்கொண்டது. அந்த வாதம் அங்கேயே முடிந்தது.

அப்புறம் இன்னொரு வாதம்: வந்தது அதுதானா? ஐந்து நாளைக்கு முன் பார்த்த கோடும் இந்தப் புயலும் ஒன்றுதான் என்பதற்கு என்ன ஆதாரம்? கூட்டத்தில் இதைச் சொன்னேன். காந்தப்புலம் ஒரே சீராகச் சுழன்றிருந்தது, முறுக்கிய கயிறு கடந்துபோனதற்கான அடையாளம் அது. அந்த வாரத்தில் வேறு ஹேலோ இல்லை. பையன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1998 ஜூனில் சோஹோ தொலைந்த கதை. சுழற்சியை அளக்கும் இரண்டு கைரோக்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராத எண்களைக் காட்டின. ஒன்று விண்கலம் சுழல்கிறது என்றது, மற்றது அசைவில்லை என்றது. அசைவில்லை என்றது உண்மையில் அணைந்து கிடந்தது. பேசிய கைரோவைப் பழுது என்று முடிவுகட்டி அதை அணைத்தார்கள். விண்கலம் சுழன்று, சூரிய மின்பலகைகள் வெயிலை விட்டு விலகி, மின்சாரமும் தொடர்பும் போயின. அரெசிபோ வானொலித் தொலைநோக்கியின் ராடார் ஜூலையில் அதைக் கண்டுபிடித்தது. உறைந்த எரிபொருளை உருக்கி மீட்டு எடுக்கச் செப்டம்பர் ஆகிவிட்டது. "எண் வரலைன்னா, ஒன்னும் நடக்கலைன்னு அர்த்தம் இல்ல" என்று கதையை முடிப்பேன். அந்தப் பையனுக்கும் சொல்லியிருக்கிறேன், மூன்று வாரம் முன்னால். அதே விண்கலத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டுதான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான். என் கதையை எனக்கே திருப்பிச் சொன்னானா, இயல்பாக வந்த கேள்வியா, தெரியவில்லை. கேட்கவும் இல்லை. இப்போது அவன் வேறு குழுவில், கோள்களுக்கிடையேயான தூசியைப் பற்றி வேலை செய்கிறான்.

இன்னொரு முறை அதே படங்கள், அதே நேரம், அதே தரவு என்று வந்தால் என்ன எழுதுவேன்? விதிப்படி பின்பக்கம் என்றுதான் வரும். விதி தப்பில்லை, பெரும்பாலும் பலிக்கிறது. பலிக்காத ஒரு நாளுக்காக எல்லா நாளும் சந்தேகம் என்று எழுத முடியுமா?

முடியும் போலிருக்கிறது. போன மாதம் மட்டும் ஏழு தடவை எழுதிவிட்டேன், ஏழும் பொறுப்பாளரின் தூக்கத்தில். ஏழில் ஒன்றும் வரவில்லை. கடைசியாகக் கூப்பிட்டபோது அவர் அலுப்போடு, "வருமா வராதா மேடம், ஏதாவது ஒன்னு சொல்லுங்க" என்றார். திரையில் அடுத்த படம் வர இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.