எங்களுக்கு எத்தனை நிறுவனத்தைப் பார்த்தீங்க?

ஒரு தொண்டு அறக்கட்டளையின் அறங்காவலர் கூட்டத்தில், இயக்குநரின் சம்பளத்தை மாதம் 85,000 ரூபாயிலிருந்து 1,40,000 ஆக உயர்த்தும் தீர்மானம் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. ஏழு நிறுவனங்களின் சம்பளத்தோடு ஒப்பிட்டு அதற்கான குறிப்பைத் தயாரித்தவன் என்ற முறையில் இப்போதும் அதில் ஒரு வரியையும் மாற்ற மாட்டேன். உறுத்துவது தீர்மானம் அல்ல. களப்பணியாளர்கள் சார்பில் அறிக்கை கொடுக்க வந்திருந்த பெண் அப்போது கேட்ட கேள்வி.

“சார், டைரக்டர் சம்பளத்துக்கு ஏழு நிறுவனத்தைப் பார்த்துட்டு வந்திருக்கீங்க. எங்களுக்கு எத்தனை நிறுவனத்தைப் பார்த்தீங்க?”

“அது ப்ராஜெக்ட் பட்ஜெட்ல வர்றதும்மா” என்றார் தலைவர். “சட்டம் ஆதாரம் கேக்கறது இதுக்கு மட்டும்தான், அதுக்குக் கேக்கலை” என்றேன் நான். நிகழ்ச்சி நிரலில் அடுத்த பொருளுக்குப் போய்விட்டோம்.

நான் சொன்னது உண்மை. 2026 மார்ச் வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, அறக்கட்டளையை நிறுவியவர், அறங்காவலர், பெரிய நன்கொடையாளர், இவர்களின் உறவினர்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தது. எந்தப் பெயரில் அழைத்தாலும் ‘மேலாளர்’ பொறுப்பில் இருப்பவரும் அதில் வருவார். ஆகவே அறங்காவலராக இல்லாத, வெறும் சம்பளக்கார இயக்குநரும் அந்த வலைக்குள்தான். இவர்களுக்குக் கொடுக்கும் ஊதியம், செய்த வேலைக்கு நியாயமாகக் கொடுக்கக்கூடிய தொகையைத் தாண்டக் கூடாது. முன்பெல்லாம் தாண்டினால் மொத்த வரிவிலக்குக்கே ஆபத்து. 2022 நிதிச் சட்டத்துக்குப் பிறகு, மீறிப்போன பகுதிக்கு மட்டும் 30 சதவீத வரி. கூடவே முதல் முறை அதே தொகை அளவுக்கு அபராதம், மறுமுறை இரண்டு மடங்கு. எது நியாயம் என்று சட்டம் எண் எதுவும் சொல்வதில்லை. அதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். ஏழு நிறுவனங்களைத் தேடிப் போனது அதற்காகத்தான்.

தேடுவதிலும் ஒழுங்கு வேண்டும். ஆண்டு வரவு 6 கோடி உள்ள அமைப்புக்கு, 3 முதல் 12 கோடிக்குள் இருப்பவைதான் ஒப்பீடு. சென்னையிலோ டெல்லியிலோ தலைமை அலுவலகம் வைத்திருப்பவற்றைச் சேர்த்தால் சராசரி தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் சராசரியை விட்டு, வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுக்க வேண்டும். வேலை விளம்பரத்தில் போடும் தொகையை நம்பக் கூடாது. அது பெரும்பாலும் உச்சவரம்பு. எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கும் தவறு, ஒருவர் சிடிசி (ஒரு ஊழியருக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு) சொல்வார், இன்னொருவர் மாதச் சம்பளம் சொல்வார், இரண்டையும் ஒரே பத்தியில் எழுதிவிடுவார்கள். அடிப்படைச் சம்பளத்தின் மேல் 12 சதவீத பி.எஃப்., 4.81 சதவீத கிராஜுவிட்டி என்று சிடிசி அங்கேயே ஏறி நிற்கும். எல்லாவற்றையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவந்துதான் ஒப்பிட வேண்டும். சம்பந்தப்பட்டவர் அறையில் இல்லாதபோது முடிவெடுத்து, எந்த ஆதாரத்தைப் பார்த்தோம் என்பதை மினிட்ஸில் அன்றே எழுத வேண்டும். பின்னால் எழுதிச் சேர்த்த குறிப்பு வருமான வரி மதிப்பீட்டு அதிகாரி முன்னால் நிற்காது.

அமெரிக்காவில் இதில் மூன்று விஷயங்களுக்கு வரித்துறை விதிகளிலேயே இடம் உண்டு. தன்னல முரண் இல்லாத குழு, ஒப்பீட்டுத் தரவு, உடனுக்குடன் பதிவு: மூன்றும் இருந்தால் சம்பளம் நியாயமானது என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள், தவறென்று காட்டும் பொறுப்பு வரித்துறைக்குப் போய்விடும். ஆண்டு வரவு 10 லட்சம் டாலருக்குக் குறைந்த அமைப்புக்கு மூன்று ஒப்பீடு போதும். அதிகமாக வாங்கியதாக முடிவானால், வாங்கியவரே கூடுதல் தொகையில் 25 சதவீத வரி கட்ட வேண்டும். திருப்பிக் கொடுக்காவிட்டால் 200 சதவீதம். பிரிட்டனில் 60,000 பவுண்டுக்கு மேல் வாங்குபவர்கள் எத்தனை பேர் என்று 10,000 பவுண்டு அடுக்குகளாகக் கணக்கறிக்கையில் காட்ட வேண்டும். எங்கே பார்த்தாலும் சட்டத்தின் கண் மேல்நோக்கித்தான் இருக்கிறது. கீழே இருப்பவருக்குக் கொடுப்பது போதுமா என்பதை அறக்கட்டளைக்கான இந்த விதிகளில் ஒன்றும் கேட்பதில்லை.

கேட்கிற இடம் ஒன்று இங்கே இருக்கிறது. தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான கிரெடிபிலிட்டி அலையன்ஸின் நெறிகள், தலைமைப் பொறுப்பாளர், அதிகம் வாங்கும் மூவர் ஆகியோரின் ஊதியத்தோடு, மிகக் குறைவாக வாங்கும் ஒருவரின் ஊதியத்தையும் வெளியிடச் சொல்கின்றன. ஆனால் அது தானாக ஏற்றுக்கொள்ளும் நெறி, சட்டம் அல்ல. நிறைய ஆண்டறிக்கைகளில் அந்த வரி அச்சாகியும் இருக்கும். யாரும் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் வகுத்துப் பார்ப்பதில்லை.

இயக்குநருக்கு நல்ல சம்பளம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. சேவைக்கு வந்தவருக்குச் சம்பளம் எதற்கு என்பவர்கள், அப்படியானால் யார்தான் வர முடியும் என்பதையும் சொல்ல வேண்டும். நிலம் உள்ளவர், ஓய்வூதியம் வாங்குபவர், கணவனோ மனைவியோ சம்பாதிப்பவர், நிறுவனரின் பிள்ளைகள். இவர்கள்தான் மிஞ்சுவார்கள். தாளில் 25,000 ரூபாய் காட்டிவிட்டு, நிறுவனரின் மைத்துனர் கட்டடத்துக்குச் சந்தை விலையைவிடக் கூடுதல் வாடகை, வீட்டு உபயோகத்துக்கு அலுவலக வண்டி என்று பணம் வேறு வாசல் வழியாகப் போகும் கணக்குகளைத் தணிக்கையில் பார்ப்பவர்களுக்கு, வெளிப்படையான 1,40,000 எவ்வளவோ மேல் என்று தெரியும்.

ஆனால் தலைவர் சொன்ன “ப்ராஜெக்ட் பட்ஜெட்” என்ற பதில்தான் யோசிக்க யோசிக்க நிற்க மறுக்கிறது. 2020 செப்டம்பரில் எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் திருத்தம் வந்தபின், ஆண்டில் வரும் வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்பு 50. இரண்டு கோடி வந்தால் ஒரு கோடி வரை இருந்த இடம் 40 லட்சமாகச் சுருங்கியது. இயக்குநர், கணக்காளர், தணிக்கைக் கட்டணம், வாடகை, மின்சாரம் எல்லாம் அதற்குள். கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் சிஎஸ்ஆர் பணத்தில் இன்னொரு குழப்பம். விதியில் உள்ள 5 சதவீத வரம்பு கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்கானது. அதைத் தொண்டு நிறுவனத்தின் தலையில் வைத்து பட்ஜெட்டை வெட்டும் அதிகாரிகள் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே இயக்குநரின் சம்பளத்தை ஒரு திட்டத்தில் 15 சதவீதம், இன்னொன்றில் 20 சதவீதம் என்று பிரித்து ஏற்ற வேண்டியிருக்கிறது. எல்லாத் திட்டங்களின் சதவீதத்தையும் கூட்டினால் 100ஐத் தாண்டும் கணக்குகளும் உண்டு. தணிக்கையில் முதலில் கூட்டிப் பார்க்க வேண்டியது அதைத்தான். திட்டம் ஒன்று முடிந்ததும் அந்த 15 சதவீதம் அந்தரத்தில் நிற்கும். பொது நிதியிலிருந்து எடுக்க வேண்டும்.

இவ்வளவு சிக்கலையும் கடந்து அந்த 55,000 உயர்வுக்கு வழி கண்டோம். நன்கொடையாளர்களிடம் பேசி, திருத்திய பட்ஜெட் அனுப்பி, ஒப்புதல் வாங்கினோம். களப்பணியாளரின் சம்பளமோ திட்டச் செலவு. அந்த 20 சதவீதத்துக்குள் வராது. அதை உயர்த்தக் கேட்பது இன்னும் சுலபம். கேட்கவில்லை. ஆண்டுக்கு 6,60,000 ரூபாய் உயர்வு. அங்கே களத்தில் இருந்தவர்கள் 38 பேர். அதே தொகையைப் பகிர்ந்தால் ஆளுக்கு மாதம் ஏறக்குறைய 1,450. அவர்கள் வாங்கியது 14,500.

ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றில் போடு என்பதல்ல இந்தக் கணக்கு. இயக்குநர் போய்விட்டால் அடுத்த ஆண்டு அந்த 38 பேருக்குமே நிதி வராமல் போகலாம். அதை நான் நம்புகிறேன். என்றாலும், ஒருவருக்காகச் செய்த முயற்சியை 38 பேருக்காகச் செய்திருக்க முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு அந்த ஒப்பீட்டையும் செய்து பார்த்தேன். அதே ஏழு நிறுவனங்கள், அதே முறை. களப்பணியாளர் ஊதியம் 12,000 முதல் 15,500 வரை இருந்தது. நடுவில் நின்றது 14,000. அதாவது, அன்று அவருக்கு முறையாகப் பதில் சொல்லியிருந்தால், “உங்களுக்கு ஐந்நூறு ரூபாய் அதிகமாகவே கொடுக்கிறோம்” என்றுதான் சொல்லியிருப்பேன். எல்லோரும் குறைவாகக் கொடுக்கும் இடத்தில் ஒப்பீடு செய்தால் குறைவுதான் நியாயமாகத் தெரியும். மேலே சம்பளத்தை ஏற்றிவிட்ட அதே கருவி, கீழே அதை இருந்த இடத்திலேயே பூட்டிவைக்கும். ஏழுக்குப் பதில் எழுபது நிறுவனத்தைப் பார்த்தாலும் எண் பெரிதாக மாறாது.

அப்படியானால் எதனோடு ஒப்பிடுவது? குறைந்தபட்சக் கூலி அறிவிக்கை தரையைத்தான் காட்டும். அரசுத் திட்டங்களில் ஒப்பந்தத்தில் இருப்பவர்களின் நிலையும் அதைவிடப் பெரிதல்ல. இப்போது சம்பளக் குறிப்பு எழுதினால், மிகக் குறைந்த ஊதியம், மிக அதிக ஊதியம் அதற்கு எத்தனை மடங்கு, அந்தக் குறைந்த ஊதியம் எப்போது கடைசியாக உயர்ந்தது என்று மூன்று வரிகளைச் சேர்த்துவிடுகிறேன். வேறொரு அமைப்பின் பொருளாளர் அவற்றை நீக்கச் சொன்னார். மினிட்ஸில் ஏறினால் நாளை அதிகாரி அதையே பிடித்துக்கொண்டு இயக்குநரின் சம்பளம் அதிகம் என்பார் என்றார். அவர் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. நீக்கவில்லை. அந்த அமைப்பின் கூட்டத்தில் இயக்குநரின் உயர்வு 30,000 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. களப்பணியாளர்களுக்கு எதுவும் கூடவில்லை.